இரண்டு மிஸ்டு கால்

பிரின்ஸிக்குப் புது நாற்காலி வந்து இறங்கிய அன்றே எழில்மொழிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. எட்டு வருஷமாக எழில்மொழி உட்காரும் நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அந்த இடத்தில் அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள். பிரின்ஸி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "முதுகு வலிக்குது சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அடுத்த வாரமே தலை சாய்க்க வசதி வைத்த நாற்காலி மாடியேறி வந்தது.

"நீங்க கேக்கவே இல்லையே எழில்" என்றார் முதலாளி குணசேகரன்.

கேட்கவில்லைதான். கேட்காமலே தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷி எட்டு வருஷம் அட்டையின் மேல் ஆடிக்கொண்டிருந்தால் அதற்கு முதலாளி என்ன செய்வார்? ஆனால் நியாயம் பேசினால் எரிச்சல் அடங்குமா!

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது கம்பெனி. மொத்தமே ஐந்து பேர். அரிசி ஆலை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், உழவர் சங்கம் என்று யார் வந்து கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஃப்ரேம்வொர்க்தான். ஒரு தடவை செய்து வைத்த பாகங்களை எடுத்துக் கோத்தால் புது வெப்சைட் தயாராகிவிடும். அதற்கு 'மடை' என்று பேர். முழுக்க எழில்மொழி எழுதியது. அவள் மகனுக்கு வயது ஏழு, மடைக்கு எட்டு. இரண்டில் எது மூத்த பிள்ளை என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பாள்.

மடையின் பாகங்களில் பேர்போனது வரிசைப் பலகை. பூதலூர்ப் பக்கம் மேட்டு வாய்க்கால் உழவர் சங்கத்துக்காகச் செய்தது. சங்கத்திடம் அறுவடை மெஷின்கள் இருந்தன. சம்பா அறுப்பு வந்துவிட்டால் எந்த மெஷின் யார் வயலுக்கு எத்தனையாவதாக வரும் என்று விவசாயி தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் அதை 'போர்டு' என்றார்கள். போர்டில் பேர் மேலே வந்துவிட்டால் டிராக்டர்காரனுக்குச் சொல்லி, தார்ப்பாய் எடுத்து, வயலில் போய் நிற்க வேண்டும். ஆள் இல்லாத வயலில் மெஷின் நிற்காது, அடுத்த வயலுக்குப் போய்விடும். மறுபடி முறை வர ஐந்தாறு நாள் ஆகும்.

அந்தப் போர்டுக்கு ஒரு சீக்கு இருந்தது. யார் திறந்து பார்த்தாலும் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸிடம் போய்ப் புதிதாகக் கேட்டு வந்துதான் பதில் சொல்லும். பத்துப் பேர் பார்க்கிற காலத்தில் அது தெரியவில்லை. போன அறுப்பில் விடிந்ததும் விடியாததுமாக மூவாயிரம் பேர் ஒன்றாகத் திறந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த அறுப்புக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சங்கத்தலைவர் போனில் சத்தம் போட்டார்.

"கேஷ் போட்டுடலாம் சார்" என்றாள் பிரின்ஸி, மார்கழி மாதத்து மீட்டிங்கில்.

குணசேகரன் வியாபாரம் தெரிந்தவர், புரோகிராம் தெரியாதவர். "அப்படின்னா?"

"மொத ஆளு கேக்கும்போது டேட்டாபேஸ் சொல்ற பதில கையில எழுதி வெச்சுக்கணும் சார். அடுத்த ஆளு கேட்டா மறுபடி அங்க ஓட வேணாம், எழுதி வெச்சத படிச்சுக் காட்டிடலாம். சங்க ஆபீஸ்ல யாராவது வரிசைய மாத்துனா மட்டும் பழசக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதிக்கணும். இத போர்டுக்கு மட்டும் செய்யாம மடையோட பாகத்துலயே வெச்சுட்டா எல்லா வெப்சைட்டுக்கும் ஆகும்."

சொன்னதோடு நிறுத்தவில்லை. சோதித்துப் பார்த்த கணக்கையும் காட்டினாள். பன்னிரண்டு விநாடி எடுத்த பக்கம் அரை விநாடிக்குள் வந்தது. "அட!" என்றார் குணசேகரன். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கீழ்வேளூர்க்காரி, சென்னையில் நாலு வருஷம் பெரிய கம்பெனியில் இருந்தவள், கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்த இரண்டே மாதத்தில் இதைச் செய்துவிட்டாளே என்ற பார்வை அது. எழில்மொழிக்குக் கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி இருந்தது.

"பழைய பதில காட்டிட்டா?" என்று கேட்டாள். "விவசாயி போர்ட நம்பித்தான் வயலுக்குப் போறான். பழச நம்பி ஏமாந்தான்னா யாரு பொறுப்பு?"

"மாத்துனதும் அழிஞ்சிடும் அக்கா."

"அழியலன்னா?"

"ஏன் அழியாது?" பிரின்ஸி வீம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த முகத்தில் கள்ளம் இல்லாததுதான் எழில்மொழிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

குணசேகரன் நடுவில் வந்தார். "எழில், மடை உங்க பிள்ளை. நீங்க சரின்னாதான் கை வைக்கணும். வெள்ளிக்கெழம சொல்லுங்க, போடலாமா வேணாமான்னு."

ஏன் அழியாது என்பதற்கு எழில்மொழியிடம் பதில் இருந்தது. அவளிடம் மட்டும்தான் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சங்கத்தின் மெஷின் டிரைவர்கள் அவளிடம் ஒரு உதவி கேட்டார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அறுப்புக்கு வருகிறவர்கள். "வயல்ல நிக்கும்போது திடீர்னு முறை மாறும் மேடம். ஒருத்தர் பயிர் இன்னும் பச்சையா இருக்கும், பக்கத்து வயக்காரருக்கு விட்டுக்குடுப்பாரு. ஸ்டியரிங்ல கைய வெச்சுக்கிட்டு போன்ல எங்க எழுதறது?" அவள் ஒரு வழி செய்தாள். சங்க ஆபீஸ் அலமாரிக்கு மேல் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். அந்த நம்பருக்கு டிரைவர் அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால் கொடுத்தால், அவர் மெஷினுக்கான வரிசையில் முதலில் இருப்பவரும் அடுத்தவரும் இடம் மாறிவிடுவார்கள். காசும் ஆகாது, எழுத்தும் வேண்டாம். பெட்டி மடையின் வழியாக வராமல் நேராக டேட்டாபேஸில் போய் மாற்றிவிடும். அவசரத்தில் அப்படிக் கட்டிவிட்டாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேஷ் யோசனை எழில்மொழிக்கே வந்தது. போட்டும் பார்த்தாள். மிஸ்டு கால் வழியாக மாறிய வரிசை போர்டில் வராமல் பழையதே நின்றது. மாறியதைப் பெட்டி மடையிடம் சொல்வதற்கு நாலு வரி எழுதினால் போதும். அந்த வாரம் பார்த்து மகனுக்கு டெங்கு காய்ச்சல். அப்படியே விட்டாள். விட்டது சோம்பலாகி, சோம்பல் கொள்கையாகி, "நம்ம வேலைக்குக் கேஷ் ஆகாது" என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

ஆக வெள்ளிக்கிழமை வரை அவள் மனசுக்குள் நடந்தது இதுதான். வேண்டாம் என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னால், பிரின்ஸி அரை மணி நேரத்தில் அந்த நாலு வரியை எழுதிவிடுவாள். அதற்கும் ஒரு 'அட!' விழும். கூடவே, மூணு வருஷமா இத நீங்க ஏன் செய்யலன்னு குணசேகரன் கேட்பார். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அந்தப் பன்னிரண்டு விநாடிக் கணக்கு எதிரே நின்று சிரிக்கும். சரி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால்? என்றைக்காவது ஒரு நாள் போர்டு தானாகத் தப்புக் காட்டும். யாரோ ஒருவர் அரை மணி நேரம் வெயிலில் காத்திருப்பார், சங்கத்தலைவர் கத்துவார், புது நாற்காலியில் இருப்பவள் முகம் சுண்டிப்போகும். எழில்மொழியின் கையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது. மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை செய்கிற கணக்கு. அதில் அறுபடப்போவது யார் மூக்கு என்பதை மட்டும் அவள் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு டப்பா கழுவுகிற இடத்தில் பிரின்ஸி வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். வரிசைய சங்க ஆபீஸ் ஸ்கிரீன் வழியா மட்டும்தானே மாத்துறாங்க? மாத்துறதுக்கு வேற ஏதாவது வழி இருக்கா? மடை முழுக்கப் பாத்துட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்கதான் கட்டுனீங்க, அதான் கேக்குறேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழில்மொழி டப்பா மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அந்த நேரம் பார்த்து குணசேகரன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "பிரின்ஸிம்மா, டீ சொல்லட்டா?" எட்டு வருஷத்தில் 'எழில்ம்மா' என்று ஒரு நாள் கூப்பிட்டதில்லை.

"வேற என்ன வழி இருக்கப்போவுது? அவ்வளவுதான்" என்றாள் எழில்மொழி.

வெள்ளிக்கிழமை காலை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "போடலாம் சார். பிரின்ஸி நல்லா பண்ணியிருக்கு." குணசேகரன் பூரித்துப்போனார். இப்படிப் பெரிய மனசு யாருக்கு வரும் என்றார். பிரின்ஸி அவள் கையைப் பிடித்து "தேங்க்ஸ் அக்கா" என்றாள். அந்தக் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. எழில்மொழி தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

தை பிறந்தது, அறுப்பு தொடங்கியது. போர்டு பறந்தது. தொட்டால் வந்தது. சங்கத்தலைவர் வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடுகிற கைகளாகப் போட்டு நிரப்பினார், எல்லாம் பிரின்ஸி பேருக்கு. எழில்மொழி தினமும் காலையில் முதல் வேலையாகப் போர்டைத் திறந்து பார்ப்பாள். எங்கேயாவது இடிக்கிறதா என்று தேடுவாள். இடிக்கவில்லை. சங்க ஆபீஸில் கணக்கர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து ஏதாவது ஒன்றைப் பதிந்துகொண்டே இருந்தார். அவர் ஒரு தடவை தொட்டாலே பழைய பதில் அழிந்து, அதற்குள் மிஸ்டு காலில் மாறியதும் சேர்ந்தே புதிதாக வந்துவிடும். ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் தப்பாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்று வாரம் ஆனதும், இது விழவே விழாதோ என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நினைத்துப் பார்த்தால் வெட்கப்பட வேண்டிய ஏமாற்றம். அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

தை கடைசி ஞாயிறு பெரிய முகூர்த்தம். கணக்கர் காலையில் வரிசையைப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போனை மண்டபத்தில் யாரிடமோ கொடுத்து வைத்திருந்தார். ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தொட ஆள் இல்லை. வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு நடந்தது என்ன என்று எழில்மொழிக்குத் திங்கட்கிழமை மழையோடுதான் தெரியவந்தது. ஞானாம்பாள் என்கிற அம்மாள், குத்தகைக்கு மூன்று ஏக்கர் பயிர் வைத்திருந்தவர். போர்டில் அவருக்கு முன்னால் வைரக்கண்ணுவின் ஐந்து ஏக்கர். அது முடிய எப்படியும் மத்தியானம் மூன்று மணி ஆகும் என்று கணக்குப் போட்டுத் தார்ப்பாய்க்கும் டிராக்டருக்கும் பூதலூர் போனார். போன இடத்தில் மூன்று தடவை போர்டைப் பார்த்தார். மூன்று தடவையும் அவர் இரண்டாவதாகத்தான் இருந்தார். டிராக்டரோடு இரண்டரை மணிக்கு வந்தால் மெஷினைக் காணோம். பதினோரு மணிக்கே வந்து, கால் மணி நேரம் ஹாரன் அடித்து நின்று, ஆள் இல்லை என்று வேறு ஊருக்குப் போய்விட்டது. சாயந்திரம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. முற்றித் தலை கவிழ்ந்து நின்ற பயிர் தண்ணீரில் படுத்துவிட்டது.

ஞானாம்பாள் பழி போட்டது போர்டின் மேல் இல்லை. வைரக்கண்ணுவின் மேல்! இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வரப்பு யாருடையது என்று ஒன்பது வருஷமாகச் சண்டை, பேச்சு வார்த்தை கிடையாது. அந்த ஆள்தான் மெஷினை விரட்டியிருப்பான் என்று அவன் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. சண்டையை விலக்கப் போன சங்கத்தலைவர்தான், போர்டில் முறை மாறாமல் மெஷின் எப்படி வந்தது என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

பிரின்ஸி செவ்வாய்க்கிழமை முழுக்கத் தலை நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு டேட்டாபேஸில் வரிசை மாறியிருந்தது. மடையில் அதற்குத் தடயமே இல்லை. மடைக்கு வெளியே யாரோ மாற்றியிருக்கிறார்கள். போனில் டிரைவரைப் பிடித்துக் கேட்டாள். "ரெண்டு மிஸ்டு கால் குடுத்தேன் மேடம், எப்பவும் குடுக்குறதுதானே?" என்றான் அவன். பிரின்ஸி போனை வைத்தாள். பிறகு திரும்பி எழில்மொழியைப் பார்த்தாள். எழில்மொழி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

புதன்கிழமை சங்கத்தின் நெற்களத்தில், தகரக் கொட்டகையின் கீழ் கூட்டம். குணசேகரன் இரண்டு பேரையும் அழைத்துப் போயிருந்தார். வழியெல்லாம் எழில்மொழி தன் பக்கத்து வாதத்தைத் தயார் செய்துகொண்டே வந்தாள். ஸ்கிரீனைப் பற்றித்தானே கேட்டாள். பெட்டியைப் பற்றிக் கேட்டாளா? எனக்கு மறந்தே போய்விட்டது. ஆறு வருஷத்துச் சமாச்சாரம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஞானாம்பாள், ஐம்பது வயதிருக்கும். மடியிலிருந்து ஒரு பிடி கதிரை எடுத்து மேசைமேல் வைத்தார். நெல்லின் நுனியில் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் வைரக்கண்ணு, துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டு பொய் சொல்லுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் சங்கத்தலைவர்.

பிரின்ஸி எழுந்தாள். "சொல்லுச்சுங்க ஐயா. ஞாயித்துக்கெழம பத்தே முக்காலுக்கு டிரைவர் ரெண்டு மிஸ்டு கால் குடுத்திருக்காரு. அப்ப வைரக்கண்ணு ஐயா பேரு கீழ போயி ஞானாம்பாள் அம்மா பேரு மேல வந்திருக்கு. போர்டு அதக் காட்டல, பழசையே காட்டிக்கிட்டு இருந்துருக்கு. தப்பு என்னோடது. வரிசைய மாத்த வேற வழி இருக்கான்னு நான் இங்க நேர்ல வந்து தேடிப் பாத்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். 'கேட்டேன்' என்று சொல்லவில்லை. எழில்மொழியின் பக்கம் திரும்பவுமில்லை. தயார் செய்துகொண்டு வந்த வாதமெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது. முப்பது பேர் முன்னால் இப்படி நின்று பழியை வாங்கிக்கொள்ள இவளுக்கு எப்படி முடிகிறது? வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் எழில்மொழிக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

ஞானாம்பாள் மெல்லத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். "யாரு பேரு கீழ போச்சு?"

"வைரக்கண்ணு பேருதான்" என்றார் தலைவர். "ஏன் வைரக்கண்ணு, நீங்களா விட்டுக்குடுத்தீங்க?"

வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. "எனக்கு இன்னும் பச்ச நிக்கிது. அந்தம்மாவுக்கு முத்திப்போச்சு, வானமும் சரியில்ல. உள்வயலு, என் வயல் வழியாத்தான் மெஷின் போவணும். பயிர்ல ஒரு பட்ட அறுத்துக்கிட்டு உள்ள போப்பான்னேன். போர்டுல மாறிடும், பாத்துட்டு வந்துரும்னு நெனச்சேன்."

"ஆள் வரலன்னு தெரிஞ்சப்ப நீங்களே அறுக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"எதுவரைக்கும் அந்தம்மா வயலுன்னு டிரைவர் கேட்டான். நான் எந்த வரப்பக் காட்டுவேன்? காட்டுனா அதுக்கு வேற வம்பு."

யாரோ சிரிக்க வந்து அடக்கிக்கொண்டார்கள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றிய தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு பிரின்ஸியிடம் கேட்டார். "மூணு வாட்டி பாத்தேனேம்மா. ஒரு வாட்டி மாறிக் காட்டியிருந்தா ஓடியாந்திருப்பேனே. இப்படி ஆவும்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு?"

"தெரியும்" என்றாள் எழில்மொழி. எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. "எனக்குத் தெரியும். அந்த மிஸ்டு கால் பெட்டிய வெச்சதே நான்தான். இந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, வேற வழி ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. இல்லன்னு சொன்னேன்."

"மறந்துட்டீங்களா?" என்றார் குணசேகரன். அவர் அவளுக்குக் கை கொடுக்கத்தான் பார்த்தார். பிடித்துக்கொண்டிருந்தால் கரை ஏறியிருக்கலாம்.

"மறக்கல சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?" இது ஞானாம்பாள்.

"பொறாம."

மேலே தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தார், எழில்மொழியை ஒரு தடவை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஒம்போது வருஷமா எம் மூஞ்சில முழிக்காத மனுஷன். அவரு பயிர அழிச்சு எனக்கு வழி விட்டிருக்காரு. நான் அவர் வாசல்ல போயி மண்ணத் தூத்திட்டு வந்தேன். அவருக்கும் எனக்குமாவது ஒரு வரப்பு இருக்கு. ஒனக்கு இந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?"

எழில்மொழி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். நாற்காலி ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முளைவிட்ட கதிருக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

கூட்டம் கலையும்போது தலைவர் நாலு விஷயம் முடிவு செய்தார். தண்ணீர் வடிந்ததும் முதல் மெஷின் ஞானாம்பாள் வயலுக்கு. டிரைவர்களிடம் எல்லா விவசாயியின் போன் நம்பரும் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் எழில்மொழியின் காதில் விழவில்லை. ஞானாம்பாள் கொட்டகையைவிட்டு வெளியே போகும்போது வைரக்கண்ணுவின் அருகில் நின்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே வைரக்கண்ணுவும் எழுந்து போனார்.

குணசேகரன் வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனவர் திரும்பி வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எழில்மொழிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மடைய இனிமே பிரின்ஸி பாத்துக்கட்டும் எழில்" என்றார். "நான் தலைவர்கூட வேற பக்கம் போவணும். நீங்க ரெண்டு பேரும் டிரெயின்ல வந்துடுங்க."

இவ்வளவுதான். எட்டு வருஷத்துப் பிள்ளை ஒரே வரியில் கைமாறிவிட்டது.

பூதலூர் ஸ்டேஷனில் தஞ்சாவூர்ப் பாசஞ்சருக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. பிரின்ஸி சிமென்ட் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தாள். எழில்மொழி அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். தண்டவாளத்துக்கு அப்பால் அறுத்த வயலும் அறுக்காத வயலுமாகத் தண்ணீர் நின்றது.

"நீ ஏன் அங்க சொல்லல?" என்று எழில்மொழிதான் முதலில் கேட்டாள். "எங்கிட்ட கேட்டேன்னு?"

"சொன்னா அந்தம்மாவுக்கு நெல்லு வந்துடுமா?" பிரின்ஸி அவளைப் பார்க்காமலே சொன்னாள். "நல்லவன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்குக் கோவம்தான். உங்ககூடப் பேசவே எனக்கு இப்பப் பிடிக்கல அக்கா."

எழில்மொழி தலையாட்டினாள். அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகக் கடந்து போயிற்று. பிறகு பிரின்ஸி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்து, பேனா மூடியைத் திறந்தாள். டப்பா கழுவுகிற இடத்தில் கேட்டாளே, அதே கேள்வியைத்தான் கேட்டாள். குரல் மட்டும் அன்றைக்குப் போல இல்லை.

"வேற ஏதாவது வழி இருக்கா?"

எட்டு வருஷத்தில் மடைக்கு வெளியே அவசர அவசரமாகக் கட்டியதெல்லாம் எழில்மொழியின் மனசில் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அரிசி ஆலைக்காக ஒன்று. பள்ளிக்கூடத்துக்காக ஒன்று. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளிடம் மிச்சம் இருந்ததே அவை மட்டும்தான். இல்லை என்று சொன்னால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

"இருக்கு" என்றாள். "இன்னும் மூணு இருக்கு. எழுதிக்க."

முதலாவதைச் சொல்லி முடித்தபோது பிரின்ஸி நோட்டைவிட்டுத் தலை நிமிர்ந்து, "இத எப்படி அக்கா யோசிச்சீங்க?" என்று தன்னை மறந்து கேட்டுவிட்டாள். எழில்மொழிக்கு அந்த நேரத்திலும் வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு இரண்டாவதைச் சொன்னாள். ரயில் வந்து நிற்பதற்குள் மூன்றாவதையும் சொல்லிவிட்டாள்.